எண் 1387-ஐத் தேடி: பழனி மலையில் ஐந்து நாள்

12 செப்டம்பர் 2025, வெள்ளி – திருச்சி

எனக்குத் தாவரவியல் கற்பித்த பேராசிரியருக்கு இப்போது 74 வயது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக இருந்து 2009-இல் ஓய்வுபெற்ற அவர், சென்ற மாதம் ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, கொடைக்கானல் பக்கம் தாம் 1986-இல் சேகரித்த ஒரு செடி அந்த இடத்தில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவர விரும்புவதாகவும், துணைக்கு நான் வர இயலுமா என்றும் கேட்டார். வேறோர் ஊரில் நானும் தாவரவியல் ஆசிரியனாகத்தான் இருக்கிறேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இன்று காலை ஏழு மணிக்கெல்லாம் திருவானைக்காவலில் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

அவர் வீட்டு அம்மா பொங்கலும் கத்தரிக்காய்க் கொத்சும் பரிமாறினார்கள். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு வந்ததும், பேராசிரியர் பழைய கோப்பு ஒன்றிலிருந்து உலர்தாவரத் தாள் ஒன்றை இரு கைகளாலும் தாங்கி எடுத்து மேசையில் வைத்தார். தாளின் நடுவே ஒரு சாண் உயரத்தில் நான்கு மெல்லிய தண்டுகள் வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தன. பச்சை நிறம் முழுவதும் போய்க் கருத்திருந்த அந்தத் தண்டுகளில் பிறைத்துண்டு போன்ற சிற்றிலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வலது மூலையில் அவருடைய கையெழுத்து இருந்தது: எண் 1387, டிரொசீரா பெல்டேட்டா, 12.9.1986, கொடைக்கானலிலிருந்து பூம்பாறை செல்லும் சாலையோரம், நீர் கசியும் புல்மேடு, சுமார் 2,000 மீட்டர், பூ வெண்மை, தண்டின் அடியில் கிழங்கு உண்டு. டிரொசீரா, பூச்சியைப் பிடித்து உண்ணும் செடி.

பூவின் நிறத்தை ஏன் எழுத வேண்டும் என்று மாணவர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். உலர்ந்தபின் அந்தத் தாளில் வெண்மையும் இளஞ்சிவப்பும் ஒரே பழுப்பாகிவிடும் என்பதால், செடி உயிரோடு இருக்கும்போது கண்ணால் கண்டதை அங்கேயே நின்று எழுத வேண்டும் என்பார் பேராசிரியர். மாலையில் அறைக்குத் திரும்பி நினைவிலிருந்து எழுதிய குறிப்பை அவர் ஒருநாளும் ஏற்றதில்லை.

இது அந்தச் சேகரிப்பின் இரண்டாம் படி. முதல் படி இப்போது இல்லை. அவர் ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில், அவர் பணியாற்றிய கல்லூரியில் அறை மாற்றியபோது தாள்கள் இருந்த அலமாரி ஒன்றை மாடிப்படியின் கீழ் வைத்துவிட்டார்கள். ஒரு மழைக்காலம் சுவரில் நீர் இறங்கியது. அதன்பின் புகையிலை வண்டு புகுந்தது. செய்தி கிடைத்து அவர் போனபோது, தாள்களுக்கிடையே இருந்தது தூள் மட்டுமே. இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பதினொரு ஆண்டுகள் சனி, ஞாயிறுகளில் துறையூர் வழியாகப் பேருந்தில் போய்ப் பச்சைமலை ஏறி, சம்பளத்தில் தாளும் நூலும் வாங்கிப் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்த்தவர் அவர். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்துக்கு இரண்டாம் படிகளை அவ்வப்போது அனுப்பிவைத்திருந்ததால் ஒரு பகுதியாவது தப்பியது.

புறப்படுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம் என்பதால், பிற்பகலில் தெப்பக்குளம் அருகே புனித சூசையப்பர் கல்லூரியில் உள்ள ராப்பினாட் ஹெர்பேரியத்துக்குச் சென்றோம். 1967-இல் அதை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, தமக்கு முன் இப்பகுதியில் செடிகளைச் சேகரித்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ராப்பினாட்டின் பெயரையே அதற்கு வைத்தார். தமிழ்நாட்டுச் சமவெளிகளையும் கிழக்குக் குன்றுகளையும் பற்றிய மேத்யூவின் பெருநூல் 1980-களிலும், பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய மூன்று பகுதி நூல் 1999-இலும் வெளிவந்தன. மத்தியத் தமிழகத்தில் தாவர வகைப்பாடு படித்த எவருக்கும் இந்த நூல்களைத் தொடாமல் ஒரு செடியின் பெயரை உறுதிசெய்ய வழியில்லை. பேராசிரியர் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

13 செப்டம்பர், சனி – மலைப்பாதை

வத்தலக்குண்டில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. சூடான பருப்பு வடை இரண்டு, தேநீர் இரண்டு, ஐம்பது ரூபாய். பேராசிரியர் சன்னலோர இருக்கையில் அமர்ந்து, காட்ரோடு வந்ததும் உயரமானியையும் குறிப்பேட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 1992-இல் எங்கள் வகுப்பை இதே பாதையில் அழைத்து வந்தபோது பேருந்தில் எவரையும் பாடவோ உறங்கவோ விடாமல், ஒவ்வொரு இருநூறு மீட்டர் உயரத்துக்கும் சன்னலில் தெரியும் மரங்களை எழுதச் சொன்னார். அன்று சலிப்பாக இருந்தது. இன்று நானும் எழுதினேன்.

அடிவாரத்தில் புளியும் முட்புதரும், உச்சி காய்ந்த மரங்களும் இருந்தன. சற்று மேலே இலையுதிர் காட்டு மரங்கள், அவற்றுக்கிடையே பாறைச் சரிவுகள். தொலைவில் எலிவால் அருவி ஒரு வெள்ளை நூலாகத் தெரிந்தது. அதன்பின் காப்பித் தோட்டங்கள் வந்தன. நிழலுக்குச் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும், வேலியோரம் எங்கும் உண்ணிச்செடியும். பெருமாள்மலையை நெருங்கும்போது காற்றின் மணமே மாறிவிட்டது. யூக்கலிப்டஸ், பைன், வாட்டில் என்று வெளிநாட்டு மரங்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன. நாற்பது கல் தொலைவுக்குள் சமவெளியின் வறட்சியிலிருந்து குளிர்மலை வரை படிப்படியாக ஏறிப் பார்க்கக் கிடைக்கும் இப்பாதையைப் போல வகுப்பறைக்கு வெளியே ஒரு வகுப்பறை அமைவது அரிது.

பெருமாள்மலையில் மலைவாழை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், பழம் ஒன்று பத்து ரூபாய் என்றார். ஆறு வாங்கினோம். பேராசிரியர் தோலை உரிப்பதற்கு முன் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை ஆண்டுக் கட்டை என்று விசாரித்ததில் அந்தப் பெண்ணுக்கு மகிழ்ச்சி பொங்கிவிட்டது. பேருந்து நகரத் தொடங்கிய பிறகும் கூடவே நடந்துவந்து, ஐயாவுக்கு என்று ஏழாவது பழத்தைச் சன்னல் வழியாக நீட்டினார்.

கொடைக்கானலில் இறங்கும்போது மூடுபனி. வார இறுதி என்பதால் விடுதி அறைக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள். பெரியவர் படியேற வேண்டாம் என்று கீழ்த்தளத்து அறையை 1,500-க்குத் தந்த அந்த மேலாளரின் நல்ல மனத்தை இங்கே எழுதிவைக்க வேண்டும். இரவு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டோம். போர்வை இரண்டு போர்த்தியும் எனக்குக் குளிர் விடவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு – செண்பகனூர்

காலையில் செண்பகனூருக்கு நடந்தே இறங்கினோம். சாலை முழுவதும் வாகனங்கள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் நடந்த நாங்களே முந்திச் சென்றோம். 1895-இல் தொடங்கப்பட்ட அங்குள்ள அருங்காட்சியகத்தில் கூட்டம் பதப்படுத்திய விலங்குகளின் முன் நின்றது. பேராசிரியர் மலர்ப் பகுதியில் ஒரு மணி நேரம் இருந்தார். இந்த மலையின் செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டிய அருட்தந்தை ஆங்கிலாட் பற்றியும், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து 1915 முதலான சில ஆண்டுகளில் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட ஃபைசன் பற்றியும் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஃபைசனின் நூலுக்கான படங்களில் பலவற்றை அவருடைய மனைவி வரைந்தார். மலைக்கு வரும் எவரும் கையில் வைத்துக்கொண்டு செடியை அடையாளம் காணும்படி ஓர் ஆசிரியர் நூல் எழுதினார் என்பதே பேராசிரியருக்கு அவர்மேல் உள்ள மதிப்புக்குக் காரணம். தாமும் அப்படி ஒன்றைப் பச்சைமலைக்காக எழுத எண்ணி, பாதியில் நின்றுபோன கைப்பிரதி வீட்டில் இருப்பதாகச் சொன்னார். நான் இதுவரை அறியாத செய்தி இது.

திரும்பும் வழியில் சாலையோரப் புதரில் ஓர் இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் கசக்கி, கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொன்னார். மூட்டுவலித் தைலத்தின் வாசம் நெடியாக ஏறியது. கால்தீரியா. அந்த இலையின் எண்ணெயில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். வலித் தைலங்களில் சேர்க்கப்படுவதும் அந்தப் பொருளே. அவரிடம் படித்தவர்களுக்குச் செடிகளின் பெயர் நினைவில் நிற்பது இப்படித்தான்: மூக்கில், நாக்கில், விரல் நுனியில்.

1991-இல் முதலாண்டு வகுப்பின் முதல் நாள், மறுநாள் வரும்போது வழியில் காலில் மிதிபடும் களை ஒன்றைக் கொண்டுவருமாறு எங்கள் எல்லாரிடமும் சொன்னார். குப்பைமேனி, தும்பை, அம்மான் பச்சரிசி என்று மேசை நிறைந்தது. நான் கொண்டுபோனது வெட்டுக்காயப் பூண்டு. அதன் பூவை எடுத்து, இது எத்தனை பூ என்று கேட்டார். ஒன்று என்றேன். சவர பிளேடால் குறுக்கே பிளந்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கறுப்புத் தாளில் அடுக்கினார். விளிம்பில் மூன்று பல் உடைய வெளிறிய இதழ்போல் நின்றது ஒவ்வொன்றும் தனிப்பூ. நடுவில் மஞ்சள் பொட்டுபோல் தெரிந்ததில் ஒவ்வொரு குழலும் தனிப்பூ. லென்ஸில் பார்த்தால் அந்தச் சிறு குழலுக்குள் சூல்முடி இரண்டாகப் பிளந்து வளைந்திருந்தது. எத்தனையோ முறை மிதித்துக் கடந்த செடி. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் நான் தரையைப் பார்த்தே நடந்தேன். இன்றும் அப்படித்தான் நடக்கிறேன்.

15 செப்டம்பர், திங்கள் – பூம்பாறைச் சாலை

வாடகை வண்டி ஒன்றை நாள் முழுவதற்கும் 2,500 ரூபாய்க்குப் பேசிக்கொண்டு பூம்பாறைச் சாலையில் புறப்பட்டோம். ஓட்டுநர், பழைய இடம் என்றால் எங்கே என்று சரியாகச் சொல்லுங்கள் என்றார். பேராசிரியரின் குறிப்பேட்டில் ஒரு சிறு பாலம், அதிலிருந்து முந்நூறு அடி, சாலையின் இடப்புறம் என்று இருந்தது. பாலம் கிடைத்தது. முந்நூறு அடியையும் அளந்தோம். இடப்புறம் வாட்டில் தோப்பு நின்றது.

1986-இல் அங்கே நின்று பார்த்தால் எதிர்மலை வரை ஒரே புல்வெளியாகத் தெரிந்ததாம். வாட்டில் ஆஸ்திரேலிய மரம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று இந்த மலைகளில் அதைப் பரப்பினார்கள். புல்வெளியில் புகுந்தபின் விதையாலும் வேர்க்கன்றாலும் அது பெருகியது. வெட்டினால் இன்னும் நெருக்கமாகத் துளிர்த்தது. வெயில் தரையில் விழாத இடத்தில் புல் இல்லை. புல்லோடு வாழ்ந்த தரை ஆர்க்கிட்களும் டிரொசீராவும் இல்லை. நீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிட்ட புல்மேடு போனால் ஓடையும் போகிறது என்பதைத்தான் அந்த இடத்தின் காய்ந்த சருகுத் தரை எனக்குக் காட்டியது. மலை பச்சையாக இருக்கிறதே, என்ன குறை என்று கேட்பவர்களுக்கு நான் இனி இந்தத் தோப்பைத்தான் சொல்வேன்.

பேராசிரியர் தோப்பின் உள்ளே, ஊன்றுகோலால் சருகை விலக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் நடந்தார். அட்டை ஒன்று என் கணுக்காலில் ஏறியதை நான் கவனிக்கவே இல்லை. அவர்தான் கண்டு, மூக்குப்பொடி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை வைத்து விழச் செய்தார். இல்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இன்று காணவில்லை என்று எழுதும்படி சொன்னார். கிழங்கு உள்ள செடி அது. வறண்ட மாதங்களில் மண்ணுக்கு மேல் ஒன்றுமே இராது. ஒரு செடி ஓரிடத்தில் இல்லை என்று எழுத வெவ்வேறு பருவங்களில் மூன்று முறையாவது வந்து பார்த்திருக்க வேண்டும் என்பது ஆய்வில் அவர் கடைப்பிடித்த விதி. பச்சைமலையில் ஒரே ஓடைக்கரைக்கு மாதம் தவறாமல் சென்று எது எப்போது பூக்கிறது, எப்போது காய்க்கிறது என்று எழுதியதும் அதனால்தான்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்தடித்த மழையில் பையின் வாய் திறந்திருந்ததை நான் பார்க்காமல் விட்டேன். செடி அழுத்தும் பலகையும் அதற்குள் இருந்த தாள்களும் நனைந்துவிட்டன. பூம்பாறைக்குச் சற்று முன் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். கடை நடத்தும் அம்மாள் எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்பதற்கு முன்பே விறகடுப்பின் மேல் பூண்டு காயவைக்கும் மூங்கில் பரணைக் காலிசெய்து கொடுத்தார். ஒவ்வொரு தாளாக விரித்து வைத்தோம். புகையும் பூண்டு மணமும் கலந்த அந்தத் தாள்கள் காய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் சுடச்சுட உருளைக்கிழங்கு போண்டாவும் இஞ்சி தட்டிய தேநீரும் வந்தன. தேநீர் பதினைந்து ரூபாய். பரணுக்கும் விறகுக்கும் எவ்வளவு கேட்டும் வாங்கவில்லை. காகிதம் காய்ந்ததற்கு யாராவது காசு வாங்குவார்களா ஐயா என்று கேட்டுவிட்டார்.

எதைத் தேடுகிறோம் என்று அவர் கேட்க, பேராசிரியர் குறிப்பேட்டில் செடியை வரைந்து காட்டி, இலை முழுவதும் பனித்துளி ஒட்டினாற்போல் இருக்கும், வெயில் ஏறினாலும் காயாது என்றார். அந்த அம்மாள் உடனே, அது அழுகண்ணி என்றார். தம் பூண்டு வயலுக்கு மேலே மாடு கட்டும் மேட்டில், மழைக்காலத்தில் காணலாம் என்றார். அழுகண்ணி என்ற பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு செடியைச் சொல்வதுண்டு என்று வழியில் பேராசிரியர் என்னை எச்சரித்தார். ஆனாலும் அன்றிரவு அவர் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டு நான்கு மணிக்கு எழுந்துவிட்டார்.

16 செப்டம்பர், செவ்வாய் – பூண்டு வயலின் மேடு

வானம் தெளிந்திருந்தது. அந்த அம்மாள் கடையைப் பக்கத்து வீட்டுச் சிறுவனிடம் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்களின் வரப்பில் ஏறுவது எனக்கே மூச்சு வாங்கியது. பேராசிரியர் வரப்புக்கு வரப்பு நின்று, களைகளைக் காட்டி, பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். களை பறிக்க அனுமதி கேட்கும் ஒருவரை அந்த அம்மாள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். வேண்டுமட்டும் எடுங்கள், வயலுக்கு நல்லதுதான் என்று சிரித்தார்.

மேட்டின் ஒரு மூலையில், பாறைக்கடியிலிருந்து நீர் கசியும் இரண்டு முழ அகல இடத்தில் அவை நின்றன. எண்ணினோம், பதினொன்று. டிரொசீரா பெல்டேட்டாதான்.

நான் ஈரத்தில் முழங்கால் ஊன்றி லென்ஸை வைத்துப் பார்த்தேன். சிறுவிரல் நகத்தளவு பிறையிலை, மெல்லிய காம்பின் முனையில் குடைபோல் நின்றது. அதன் விளிம்பு முழுவதும் மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சிவந்த தலை, அந்தத் தலையைச் சுற்றி ஒரு பசைத்துளி. ஓர் இலையில் கொசுவிலும் சிறிய பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. அதன் பக்கத்து மயிர்கள் உள்நோக்கி வளைந்திருந்தன. எதிர்ப்பக்கத்து மயிர்கள் இன்னும் நிமிர்ந்தே இருந்தன. நைட்ரஜன் குறைந்த ஈரமண்ணில் வாழும் இச்செடி தனக்கு வேண்டியதைப் பூச்சியின் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதே பேரினத்தின் வேறோர் இனத்துக்கு இறைச்சித் துணுக்கும் முட்டை வெண்கருவும் வைத்துப் பார்த்த டார்வின், 1875-இல் வெளியிட்ட நூலின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கினார். இதையெல்லாம் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து நடத்துகிறேன். மயிர் வளைந்த நிலையில் உயிரோடு பார்த்தது இன்றுதான்.

பேராசிரியர் கடைசியாகக் குனிந்தார். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அந்த அம்மாளிடம் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். இத்தனை வருடம் மாடு கட்டினேன், இது பூச்சி தின்பது தெரியாது என்றார் அவர். இனி மாட்டைக் கீழ் மேட்டில் கட்டிக்கொள்வதாகவும் தாமாகவே சொன்னார்.

செடியைப் பறிக்கவில்லை. பதினொன்றில் ஒன்றை எடுப்பதற்கும் பேராசிரியர் இணங்கவில்லை. தாளில் ஒட்டிய சேகரிப்புக்கு மட்டுமே எண் உண்டு என்பதால் இதற்கு எண்ணும் இல்லை. குறிப்பேட்டை என்னிடம் தந்து எழுதச் சொன்னார். பூம்பாறை அருகே என்று எழுதினேன். அருகே என்றால் நாற்பது ஆண்டு கழித்து வருபவன் எங்கே போவான் என்று கேட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, கடையிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து பாறைக்கும் அடிகளை எண்ணி வரச்செய்தார். நான்கு முறை இறங்கி ஏறினேன். பூ வெண்மை, மூன்று செடிகளில் மொட்டு, நீர் கசிவு தொடர்கிறது, மேலே வாட்டில் கன்றுகள் ஏழு.

மாலைப் பேருந்தில் மலையிறங்கினோம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் திருச்சி வண்டிக்குக் காத்திருந்தபோது, இன்று தாள் மாற்றியாயிற்றா என்று கேட்டார். மாற்றவில்லை. சிமென்ட் பெஞ்சில் பலகையின் வாரை அவிழ்த்து, பூண்டு வயல் களைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரம் ஏறிய தாளை நீக்கிக் காய்ந்த தாளில் வைத்தோம். மடிந்த இலை ஒன்றை அவர் ஈர்க்குச்சியால் நிமிர்த்தி, அடிப்பக்கமும் தெரியும்படி ஓர் இலையை மட்டும் திருப்பி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, இது என்ன செடி தாத்தா என்று கேட்டாள். அவர் பையில் லென்ஸைத் தேடினார்.